ரத்தம் உள்ள கட்டங்கள்

மனக்காயங்களுக்கு நாடு முழுவதும் ஒரே மாதிரியான சிகிச்சை தரப்பட வேண்டும் என்று மனநலச் சேவைகள் இயக்ககம் முடிவெடுத்தபோது அதை யாரும் எதிர்க்கவில்லை. யாராலும் எதிர்க்க முடியாதபடி முடிவெடுப்பதில் அந்த இயக்ககம் கைதேர்ந்தது.

அதுவரை ஒவ்வொரு மருத்துவமனையிலும் நீல அட்டை போட்ட ஒரு தடித்த வழிகாட்டிப் புத்தகம் இருந்தது. கலவரத்தில் வெட்டுப்பட்டவர், தீயில் சிக்கி மீண்டவர், வீட்டுக்குள்ளேயே அடிபட்டு வளர்ந்தவர் என்று யார் வந்தாலும் எந்தக் கட்டத்தில் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்பதெல்லாம் அத்தியாயம் அத்தியாயமாக அதில் இருந்தது. இயக்ககம் அதை இணையத்தில் ஏற்றி, தளத்துக்கு ‘ஆறுதல்’ என்று பெயர் வைத்தது. பிறகு நீலப் புத்தகங்களையெல்லாம் சாக்கில் கட்டி வரவழைத்து அரவை இயந்திரத்தில் போட்டது. கையில் புத்தகம் இருந்தால் யாரும் இணையத்துக்கு வர மாட்டார்கள் என்பது இயக்குநரின் கணிப்பு. கணிப்பு பலித்தது.

தொடக்க விழாவில் இயக்குநர் பேசினார். “இனி சிகிச்சை நெறிமுறை கிடைக்கவில்லை என்று எந்த மருத்துவரும் சொல்ல முடியாது. நெறிமுறையைத் திறக்காமல் எந்த மருத்துவரும் சிகிச்சை தரவும் முடியாது.” முதல் வாக்கியத்துக்குக் கைதட்டல் கிடைத்தது. இரண்டாவது வாக்கியம் அரசாணையாக வந்தது. ஒவ்வொரு அத்தியாயத்தையும் தளத்தில் திறந்தால் ஓர் அனுமதி எண் வரும். அந்த எண் இல்லாமல் அந்தக் கட்டத்துச் சிகிச்சையைத் தொடங்குவது ஒழுங்கு நடவடிக்கைக்குரிய குற்றம்.

முதலில் தளத்தை யார் வேண்டுமானாலும் படிக்க முடிந்தது. ஒரு நோயாளி படித்துவிட்டு, “மூணாவது அத்தியாயத்துல இருக்கிறத எனக்கு ஏன் டாக்டர் நீங்க செய்யல?” என்று கேட்டுவிட்டார். மருத்துவர் அதிர்ந்துபோய் இயக்ககத்துக்கு எழுதினார். உடனே ஒரு குழு அமைக்கப்பட்டது. உள்ளே வருபவர் மனிதரா, இயந்திரமா என்று சோதிக்க மற்ற தளங்களில் சிக்னல் விளக்குப் படங்களைக் காட்டுவார்களே, அதையே வைக்கலாம் என்றார் ஓர் உறுப்பினர்.

“மனிதர்கள் உள்ளே வருவதுதானே நம் பிரச்சினையே,” என்றார் இயக்குநர்.

மனநல நிபுணரை மற்ற மனிதர்களிடமிருந்து பிரித்துக் காட்டுவது எது என்று குழு இரண்டு மாதம் யோசித்தது. மற்றவர்கள் பார்க்க முடியாததை நிபுணர் பார்ப்பார் என்று கண்டுபிடித்தது. காவல் துறையின் பழைய வழக்குப் படங்கள் இலவசமாகவே கிடைத்தன. சதுரம் சதுரமாக வெட்டி, ஒன்பது கட்டங்களாக அடுக்கினார்கள். ‘கத்தி உள்ள கட்டங்களைத் தேர்ந்தெடுக்கவும்’, ‘எரிந்த உடல் உள்ள கட்டங்களைத் தேர்ந்தெடுக்கவும்’ என்று கேள்விகள் எழுதினார்கள். படம் பார்க்கிறவரின் முகத்தைக் கணினியின் கேமரா பார்க்கும். முகம் சுளித்தால், ‘நீங்கள் பாதிக்கப்பட்டவர். அருகிலுள்ள மனநல மையத்தை அணுகவும்’ என்று கதவு மூடிவிடும். முகம் அசையவே இல்லை என்றால், ‘நீங்கள் இயந்திரம்’ என்று மூடிவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரு முகம் இருக்கிறது, அதற்குத் ‘தொழில்முறைப் பரிவு’ என்று பெயர் என்றது சுற்றறிக்கை.

இந்தக் கதவு ஒரு மாவட்ட மருத்துவமனையின் மனநல ஆலோசகர் முகத்தில் மூடியதிலிருந்து நம் விஷயம் தொடங்குகிறது. அவர் நடுத்தர வயதுப் பெண். எக்ஸ்ரே பிரிவுக்குப் பின்னால், உடைந்த கட்டில்களை அடுக்கி வைக்கும் அறையில் பாதியை அவருக்கு ஒதுக்கியிருந்தார்கள். அன்று அவருக்கு வந்த கட்டங்களில் ஒன்றில் கழுத்து அறுபட்ட ஒரு மனிதர் கண்ணைத் திறந்தபடி கிடந்தார். ஆலோசகர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாதிக்கப்பட்டவர் என்று திரை சொன்னது. அருகிலுள்ள மையத்தின் தொலைபேசி எண்ணையும் தந்தது. அது அவர் மேசையில் இருந்த தொலைபேசியின் எண்.

அவருக்கு அப்போது ஆறாம் அத்தியாயம் அவசரமாகத் தேவைப்பட்டது. காரணம், ஒரு பஸ் கண்டக்டர்.

அந்தக் கண்டக்டரின் வண்டியை ஒரு வேலைநிறுத்த நாளில் கும்பல் ஒன்று மறித்தது. டிரைவரை ஜன்னல் வழியாக இழுத்துப்போட்டு இரும்புக் கம்பியால் அடித்தது. பாதி உயிரோடு மறுபடி வண்டிக்குள் தூக்கி எறிந்து தீ வைத்தது. கண்டக்டர் பின் சீட்டுக்கு அடியில் கிடந்து பிழைத்தார். உடம்பில் பெரிய காயம் எதுவும் இல்லை என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். ஒரு மாதம் கழித்து, தூக்கத்தில் அவருடைய கைகள் மனைவியின் கழுத்தைப் பிடித்தன. “சத்தம் போடாத, சத்தம் போடாத” என்று முனகிக்கொண்டே நெரித்தார். மனைவி கைக்கு எட்டிய இஸ்திரிப் பெட்டியால் அவர் தலையில் அடித்துத்தான் விடுபட்டாள். இது மூன்று தடவை நடந்தது. அதன் பிறகு அவர் முன்னறையில் படுத்தார். மனைவி மகளோடு உள்ளறையில் பூட்டிக்கொண்டு படுத்தாள். பூட்டச் சொன்னதே அவர்தான். போதாதென்று டிக்கெட் பையின் வாரால் தன் மணிக்கட்டுகளைக் கட்டிக்கொள்ளவும் தொடங்கியிருந்தார்.

“எங்க அண்ணன் வந்து கூட்டிட்டுப் போறேன்னு நிக்குறான் மேடம்,” என்றாள் மனைவி. கழுத்தில் விரல் தடங்கள் மஞ்சளாக மாறியிருந்தன. “ஸ்கூல் திறக்கிறதுக்குள்ள இவரு சரியாகலன்னா நான் போயிடுவேன். இவரு மேல கோவம்லாம் இல்ல. புள்ள கழுத்து ரொம்பச் சின்னது, அவ்வளவுதான்.”

“இவ சொல்றது நியாயம்தான் மேடம்,” என்றார் கண்டக்டர். “நானா இருந்தா எப்பவோ போயிருப்பேன்.”

இந்தக் கதவு வருவதற்கு முன்பே எண் வாங்கி, முதல் ஐந்து அத்தியாயங்களை ஆலோசகர் முடித்திருந்தார். மூச்சு, தூக்கம், பயம் வரும்போது தரையில் காலை அழுத்தி நிற்பது எல்லாம் கண்டக்டருக்கு வசப்பட்டிருந்தது. அடுத்தது, நடந்ததை வாய்விட்டுச் சொல்வது. அதுதான் ஆறாம் அத்தியாயம். நீலப் புத்தகத்தில் அதை அவர் பல தடவை படித்திருக்கிறார். பலருக்குச் செய்தும் இருக்கிறார். ஆனால் எண் வேண்டும். எண் இல்லாமல் ஒரு நோயாளியைப் பேசவிட்ட பக்கத்து மாவட்டத்து ஆலோசகர், இப்போது ஆவணக் கிடங்கில் அட்டைப்பெட்டிகளுக்கு நம்பர் போட்டுக்கொண்டிருந்தார்.

ஆலோசகர் உதவி மையத்துக்குப் போன் செய்தார். அங்கே இருந்தவரை எல்லா மருத்துவமனைகளிலும் ‘பாஸ்வேர்டு’ என்றுதான் அழைப்பார்கள். அந்தச் சொல்லைத் தவிர அவர் வேறு எதையும் உருப்படியாகச் சொன்னதில்லை.

“சார், என்னைப் பாதிக்கப்பட்டவங்கன்னு சொல்லுது.”

“அப்ப பாதிக்கப்பட்டிருப்பீங்க மேடம். பாஸ்வேர்டு மாத்திப் பாத்தீங்களா?”

“நான் ஆலோசகர் சார். கழுத்தறுத்த படத்தக் காட்டுனா எல்லாரும்தான் மூஞ்சியத் திருப்புவாங்க.”

“அதான் மேடம். எல்லாரும் உள்ள வரக் கூடாதுன்னுதான வெச்சிருக்கோம்.”

“சரி, கல்லு மாதிரி உக்காந்து பாத்தேன். மெஷின்ங்குது.”

“நடுவுல ஒண்ணு இருக்கு மேடம். அதப் பிடிங்க.”

“நீங்க பிடிச்சிருக்கீங்களா?”

“நாங்க அட்மின். எங்களுக்குப் படமே வராது.”

நடுவில் இருப்பதைப் பிடிக்க நாடு முழுவதும் மருத்துவர்கள் படாதபாடு பட்டார்கள். ஆலோசகரின் மருத்துவமனையில் தலைமை மனநல மருத்துவர் இருந்தார். பெரிய டாக்டர் என்பார்கள். முப்பது வருட அனுபவசாலி. தொடர்ந்து பத்து நாள் எரிந்த உடல்களைப் பார்த்துவிட்டு, பதினோராம் நாள் கணினித் திரையைப் பிடுங்கி ஜன்னல் வழியாக எறிந்தார். அது கீழே நின்ற ஆம்புலன்ஸ் கண்ணாடியை உடைத்தது. இதற்கு விளக்கம் கேட்டு வந்த ஆணையையும், அதைக் கொண்டுவந்த ஊழியரின் சட்டைக் காலரையும் அவர் கிழித்தார். அந்தக் களேபரத்தில் ஊழியர் பதிலுக்கு அவர் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார். கன்னத்தைப் பிடித்துக்கொண்டே பெரிய டாக்டர் பக்கத்துக் கணினியில் உட்கார்ந்தார். கதவு திறந்துகொண்டது.

அறை வாங்கிய முகத்தில் வலி இருக்கிறது. ஆனால் அடித்தவன் எதிரே நிற்பதால் அடக்கிக்கொண்ட வலி. கேமரா தேடிக்கொண்டிருந்த தொழில்முறைப் பரிவு அதுதான் என்று ஆனது.

செய்தி பரவியது. ஒரே வாரத்தில் எல்லா மனநலப் பிரிவுகளிலும் லாகின் செய்வதற்கு முன்னால் அறைந்துகொள்ளத் தொடங்கினார்கள். டாக்டர்களை அறைவதற்கு வார்டு ஊழியர்கள் விடுப்பு நாளிலும் வேலைக்கு வந்தார்கள். நோயாளிகளின் உறவினர்கள் சிலர், “கூட்டமா இருந்தா நாங்களும் கை குடுக்கறோம்” என்று வரிசையில் நின்றார்கள். இயக்ககம் இதைக் கண்டித்திருக்கும் என்று நினைப்பவர்களுக்கு இயக்ககத்தைத் தெரியாது. அது முறைப்படுத்தியது. ‘உள்ளங்கை விரிந்த நிலையில், இடது கன்னத்தில், அங்கீகரிக்கப்பட்ட பணியாளரால் மட்டும்’ என்று சுற்றறிக்கை வந்தது. மோதிரத்தைக் கழற்றிவிட வேண்டும் என்ற திருத்தம், ஓர் உளவியலாளரின் கண்ணுக்குக் கீழே நான்கு தையல் போட்ட பிறகு சேர்க்கப்பட்டது.

ஆலோசகரும் முயன்றார். அவர் பிரிவில் அங்கீகரிக்கப்பட்ட பணியாளர் ஓர் ஆயாம்மா. பல வருடமாக ஒரே டப்பாவைப் பகிர்ந்து சாப்பிட்டவர்கள்.

“என்னால ஆகாதும்மா. கை வராது.”

“ஒரு மனுஷன் வீட்டுல கையைக் கட்டிட்டுப் படுக்கறாரு ஆயாம்மா. அடிங்க.”

ஆயாம்மா கண்ணை மூடிக்கொண்டு அடித்தார். கண்ணை மூடியதால் கன்னத்தில் விழவேண்டியது காதில் விழுந்தது. ஆலோசகர் நாற்காலியோடு சாய்ந்தார். திரை அவரைப் பாதிக்கப்பட்டவர் என்றது. ஆயாம்மா அன்று முழுக்க அழுதுகொண்டே ஒத்தடம் கொடுத்தார்.

மறுநாள் கண்டக்டர் வந்தபோது ஆலோசகர் மறுபடி திரைக்கு முன்னால் இருந்தார். கேள்வி, ‘ரத்தம் உள்ள கட்டங்களைத் தேர்ந்தெடுக்கவும்.’ கட்டங்களில் இருந்தது ஒரு பஸ்ஸின் உட்புறம். கருகிய சீட்டுகள், உருகித் தொங்கும் கைப்பிடிகள், உடைந்த கண்ணாடி. முன் கண்ணாடிக்கு மேலே பாதி எரிந்த தட எண். அது எந்த வண்டி என்று ஆலோசகருக்குப் புரிந்த நொடியில் கண்டக்டர் அவர் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். ஆலோசகர் அவசரமாக ஒரு ஃபைலை எடுத்துத் திரையை மறைத்தார்.

“மறைக்காதீங்க மேடம்,” என்றார் கண்டக்டர். “அது என் வண்டி.”

“வெளிய போகலாம் வாங்க. இது தப்பு. இத நீங்க பாக்கக் கூடாது.”

“தெனமும் பாக்கறேன். இதுல என்ன இருக்கு?” அவர் ஃபைலை விலக்கினார். கேள்வியைப் படித்தார். பிறகு ஆலோசகரை எழச் சொல்லிவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். கேமராவின் சிறிய விளக்கு அவர் முகத்தைப் பார்த்து எரிந்தது.

அவர் கீழ் வரிசையின் நடுக் கட்டத்தைத் தொட்டார். சீட்டுக்கு அடியில் ஒரு கறுத்த கறை. தவறான பதில் என்றது திரை. மறுபடி தொட்டார். தவறு. மூன்றாம் தடவை கை முஷ்டியாகி மேலே போனது.

“ரத்தம் இல்லங்குது மேடம். அவரு அங்கதான் கெடந்தாரு. அதுக்கு ரத்தம்னா செவப்பா இருக்கணுமாம்.”

முஷ்டி அந்தரத்தில் நின்றது. ஆயாம்மா வாசலில் நின்று ஆட்களைக் கூப்பிட வாயைத் திறந்தார். ஆலோசகர் அவரைக் கையமர்த்தினார். ஆவணக் கிடங்கின் அட்டைப்பெட்டிகள் அவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு கண்டக்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“அதுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. என்னன்னு நீங்க சொல்லுங்க.”

கண்டக்டர் சொன்னார். கட்டம் கட்டமாகச் சொன்னார். இந்த ஜன்னல் வழியாகத்தான் டிரைவரை இழுத்தார்கள், பெல்ட் சிக்கிக்கொண்டதால் இழுக்க நேரமானது. இந்தக் கம்பியில் ஒட்டியிருப்பது அவர் முடி. மறுபடி உள்ளே எறிந்தபோது அவருக்கு வாய் இருந்த இடத்தில் வாய் இல்லை, ஆனாலும் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டார். பின் சீட்டுக்கு அடியில் கண்டக்டர் தனியாக இல்லை. கல்லூரிக்குப் போகிற ஒரு பெண்ணும் கூடக் கிடந்தாள். அவள் கத்தப் பார்த்தாள். கத்தினால் இருவரும் காலி. அவர் அவள் வாயைப் பொத்தினார். அவள் திமிறினாள், கடித்தாள். அவர் இன்னும் அழுத்தினார். எங்கே வாய், எங்கே கழுத்து என்று இருட்டில் தெரியவில்லை.

“அவனுங்க போயிட்டானுங்க மேடம். புகை வருது. வெளிய போகணும். எனக்குத் தெரியுது. ஆனா கை விடல. நான் விடுன்னு சொல்றேன், அது விடல. ஃபயர் சர்வீஸ் ஆளுங்க வந்து ஒவ்வொரு விரலா பிரிச்சாங்க. புள்ள பொழச்சிடுச்சு. கண்ணத் தொறந்து என்னப் பாத்துது. பாத்ததும் கத்துச்சு பாருங்க ஒரு கத்து…” அவர் இரண்டு கைகளையும் விரித்து மேசைமேல் வைத்தார். “அவனுங்கள்ல ஒருத்தனப் பாக்கற மாதிரிதான் மேடம் என்னையும் பாத்துது.”

ஆலோசகர் தன் ஸ்டூலை இன்னும் நெருக்கி இழுத்துப்போட்டுக்கொண்டார். பிறகு கண்டக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தார். சிவப்பு முதலுதவிப் பெட்டி உள்ள கட்டம், சிவப்புத் தீயணைப்புக் கருவி உள்ள கட்டம், ஜன்னலுக்கு வெளியே இன்னொரு வண்டியின் சிவப்புப் பின்விளக்கு தெரியும் கட்டம் மூன்றையும் தொட்டார். “அதுக்கு வேண்டியதக் குடுத்துட்டேன். நமக்குத் தெரியும்ல, அது போதும்.”

கேமரா அவர் முகத்தை ஆராய்ந்தது. ‘தொழில்முறைப் பரிவு: மிகச் சிறப்பு. வருக, நிபுணரே!’ என்றது திரை. ஆறாம் அத்தியாயம் திறந்தது. முதலில் இயக்குநர் ஒரு குத்துவிளக்குக்குப் பக்கத்தில் அதைப் போலவே நிமிர்ந்து நிற்கும் படம், பிறகு அவருடைய வாழ்த்துச் செய்தி, அதன் கீழே அத்தியாயம்: ‘இந்தக் கட்டத்தில் நோயாளி நடந்ததைத் தன் வேகத்தில் சொல்வார். குறுக்கிடாமல் கேட்க வேண்டும். சம்பவம் தொடர்பான படங்களை எக்காரணம் கொண்டும் திடீரென்று காட்டக் கூடாது.’

“இவ்வளவுதானா மேடம்?”

“இவ்வளவுதான்.”

இந்தப் பக்கம் உங்களுக்குப் பயனுள்ளதாக இருந்ததா என்று திரை கேட்டது. கண்டக்டர் சிரித்தார். அவர் சிரித்து ஆலோசகர் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

அடுத்த வாரம் இயக்ககத்திலிருந்து கார் வந்தது. நாட்டிலேயே மிக உயர்ந்த பரிவு மதிப்பெண் பெற்ற நிபுணரை ஆறுதலின் ஆண்டு விழாவுக்கு அழைத்துவரச் சொல்லி உத்தரவு. ஆலோசகர் இயக்குநரோடு போனில் பேசினார்.

“சார், அவரு டாக்டர் இல்ல. என் நோயாளி.”

“நீங்கள் எத்தனை தடவை முயன்றீர்கள்?”

“கணக்கில்ல சார்.”

“ஒரு தடவைகூடத் தேறவில்லை. அவர் முதல் தடவையே முதலிடம். யார் நோயாளி என்று முடிவு செய்யத்தான் இவ்வளவு செலவு செய்து தளம் வைத்திருக்கிறோம். உங்கள் சொல்லை நம்பவா, தளத்தை நம்பவா?” பிறகு குரலைத் தணித்தார். “அவர் வராவிட்டால் அந்த அனுமதி எண் செல்லாது. மிச்ச அத்தியாயங்களும் திறக்காது. யோசித்துக்கொள்ளுங்கள்.”

மனைவியும் கிளம்பினாள். தன் கண் எதிரில் இருந்தால் தேவலை என்றாள். காரில் முன் சீட்டில் கண்டக்டர், பின்னால் மனைவியும் ஆலோசகரும். மகளை அண்ணன் வீட்டில் விட்டிருந்தாள். வரும்போது திரும்பக் கூட்டிக்கொள்வதா, துணிமணியையும் அங்கேயே கொண்டுபோய்ப் போடுவதா என்று அவள் இன்னும் முடிவு செய்யவில்லை.

அரங்கம் நிறைய மனநல மருத்துவர்கள். இடது கன்னங்கள் வலது கன்னங்களைவிடச் சற்றுத் தடித்திருந்தன. இயக்குநர் கண்டக்டரை மேடையில் ஒரு பெரிய திரைக்கு முன்னால் உட்காரவைத்து, மைக்கைப் பிடித்தார்.

“நண்பர்களே, படங்களுக்கு நீங்கள் பழகிவிட்டீர்கள் என்று புள்ளிவிவரம் சொல்கிறது. பரிவு மழுங்குகிறது. நாம் சும்மா இருக்க முடியுமா? ஆறுதலின் புதிய பதிப்பில் ஒலியும் உண்டு! சம்பவ இடத்தில் பதிவான அசல் குரல்கள். காவல் துறை இதையும் இலவசமாகவே தந்தது. துயரம் நாட்டில் ஏராளமாக இருக்கிறது நண்பர்களே, நாம்தான் இதுவரை அதைச் சரியாகப் பயன்படுத்திக்கொள்ளவில்லை. நம் நிபுணர் இப்போது செய்து காட்டுவார்.”

மேடையோரம் கணினியின் முன் இருந்த பாஸ்வேர்டு ஒரு பொத்தானை அழுத்தினார். எதிர்ச் சாலையில் இருந்து யாரோ போனில் எடுத்த பதிவு. கம்பி விழும் ஓசை, கண்ணாடி நொறுங்கும் ஓசை, பிறகு வாய் இல்லாத ஒரு வாயிலிருந்து ஒரு பெயர். கண்டக்டரின் பெயர்.

கண்டக்டர் எழுந்தார். “சத்தத்த நிறுத்துங்க சார்.”

“முகத்தை அப்படியே வையுங்கள்,” என்றார் இயக்குநர். “அருமை. பாஸ்வேர்டு, சத்தத்தை இன்னும் கூட்டு.”

பாஸ்வேர்டு கூட்டினார். அந்தப் பெயர் அரங்கத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் கேட்டது. கண்டக்டரின் கைகள் இயக்குநரின் கழுத்தில் போய் இறுகின. மைக் தரையில் விழுந்து அலறியது. “சத்தம் போடாத, சத்தம் போடாத.” இயக்குநரின் கால்கள் மேடையை உதைத்தன, ஒரு செருப்பு கழன்று முன்வரிசையில் விழுந்தது. மேசை சரிந்து நினைவுப் பரிசுகள் உடைந்தன. கேமரா இப்போது இயக்குநரின் முகத்தைப் பிடித்துக்கொண்டது. நீலமாகிக்கொண்டிருந்த அந்த முகம் பெரிய திரையில் சுவரளவுக்குத் தெரிந்தது. கீழே எழுத்துகள் வந்தன: ‘உணர்வு மிகை. மீண்டும் முயலவும்.’

அரங்கத்தில் ஒருவரும் எழவில்லை. அத்தனை பேரும் பயிற்சி பெற்ற அந்த முகத்தை வைத்துக்கொண்டு பார்த்தார்கள். முன்வரிசையில் இருவருக்கு முகம் சரியாக அமையவில்லை போலும். ஒருவரை ஒருவர் அறைந்துகொண்டு மறுபடி மேடையைப் பார்த்தார்கள்.

ஆலோசகர் மேடைக்கு ஓடினார். “நிறுத்துங்க அத!” என்று பாஸ்வேர்டிடம் கத்தினார்.

“இயக்குநர் சொன்னாத்தான் நிறுத்த முடியும் மேடம். அவரு இப்ப பேசற நெலமையில இல்ல.”

ஆலோசகர் சுவரிலிருந்து ஒயரைப் பிடுங்கினார். திரை அணைந்தது. குரல் நின்றது. அவர் கண்டக்டரைத் தொடவில்லை. எதிரே வந்து, அவர் கண்ணுக்கு நேராக நின்றார்.

“கண்டக்டர், வண்டி எங்க நிக்குது?”

இயக்குநரின் தொண்டையிலிருந்து ஒரு கீச்சொலி வந்தது.

“கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. எந்த எடம் இது?”

கண்டக்டர் தலையைத் திருப்பினார். திரைச்சீலையைப் பார்த்தார்; உடைந்த பரிசுகளைப் பார்த்தார்; மேடைக்குக் கீழே, தன் கழுத்தைக் கையால் பிடித்தபடி நின்ற மனைவியைப் பார்த்தார்.

“வண்டி இல்ல மேடம்,” என்றார். “இது ஏதோ மேடை.”

பிறகு தன் கைகளைப் பார்த்தார். ஒரு விரல் விலகியது. அடுத்தது. யாரும் பிரிக்கவில்லை. கடைசி விரலும் விலகியதும் இயக்குநர் மூட்டை போலக் கீழே சரிந்து, மூச்சை இழுத்து இழுத்து இருமினார். “தப்புங்க சார்,” என்று சொல்லி கண்டக்டர் அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, முதுகைத் தடவிவிட்டார்.

போலீஸில் புகார் கொடுக்க இயக்ககத்தின் சட்டப் பிரிவு சம்மதிக்கவில்லை. தளம் முதலிடம் கொடுத்த நிபுணர் இயக்குநரின் கழுத்தை நெரித்தார் என்று எழுதினால், தளம் தவறு செய்தது என்று ஆகிவிடும். தளம் தவறு செய்யாது. ஆகவே நடந்தது நேரடிச் செயல்விளக்கம் என்று பதிவானது. விழா வெற்றி என்று அறிக்கை எழுதப்பட்டது. பங்கேற்றவர்களில் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேலானோர் நிகழ்ச்சி முழுவதும் பரிவைத் தக்கவைத்துக்கொண்டதாக அதில் இருந்தது. அனுமதி இல்லாமல் ஒயரைப் பிடுங்கியதற்காக ஆலோசகர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். அந்த உத்தரவை அரங்கத்து வாசலிலேயே கையில் கொடுத்துவிட்டார்கள்.

திரும்பிப் போகக் கார் கிடையாது என்றும் அங்கேயே சொல்லிவிட்டார்கள். மூவரும் நடந்து பஸ் நிறுத்தத்துக்கு வந்தார்கள்.

“அவரே கைய எடுத்தாரு, பாத்தீங்களாக்கா?” என்றாள் மனைவி. அதுவரை மேடம் என்றுதான் அழைத்துவந்தாள். “நான் இஸ்திரிப் பெட்டியத் தேடல. யாரும் அடிக்கல. அவரே எடுத்தாரு.”

“பாத்தேன்.”

“உங்களுக்குத்தான் வேல போச்சு.”

“இப்ப படமெல்லாம் பாக்க வேண்டியதில்ல. அதுவரைக்கும் லாபம்.”

பஸ் வந்தது. தீ வைத்த நாளுக்குப் பிறகு கண்டக்டர் பஸ்ஸில் ஏறியதில்லை. படியில் ஒரு காலை வைத்து நின்றார். “ஏறுங்கண்ணே, ஏறுனா ஏறுங்க, இல்ல வழி விடுங்க,” என்றார் உள்ளேயிருந்த கண்டக்டர். நம் கண்டக்டர் ஏறினார். பின் சீட்டுகளை ஒரு தடவை பார்த்துவிட்டு, நடுவில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். மனைவி பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆலோசகருக்கு அவர்களுக்குப் பின்னால் இடம் கிடைத்தது.

“அண்ணன் வீட்டு ஸ்டாப்புல எறங்கி புள்ளயக் கூட்டிக்கலாம்,” என்றாள் மனைவி. “துணிமணி வீட்டுலயே இருக்கட்டும்.”

கண்டக்டர் பதில் சொல்வதற்குள் அவள் தலை அவர் தோளில் சாய்ந்துவிட்டது. பல மாதங்களாகச் சரியாகத் தூங்காதவள். வண்டி குலுங்கியும் எழவில்லை. விரல் தடங்கள் இருந்த அந்தக் கழுத்து அவர் கைக்குப் பக்கத்தில் இருந்தது. அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

அந்த வண்டியின் கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே வந்து நின்றார். “அக்காவ எழுப்புங்கண்ணே, தோள் வலிக்கப் போகுது.”

“தூங்கட்டும் தம்பி,” என்றார் அவர். “எறங்குற எடத்துல நானே எழுப்பிக்கறேன்.”